வாந்திபேதியின் நஞ்சு யாருடையது?

மதிப்புக்குரிய ஐயா,

கடல்நீரின் ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ ஒரு கோடி வைரசுகள் இருக்கின்றன என்றும், அவற்றில் பெரும்பாலானவை பற்றீரியாவிழுங்கிகள் என்றும் தங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். இத்தனை எதிரிகளுக்கு நடுவே பற்றீரியாக்கள் எவ்வாறு அழியாமல் இருக்கின்றன என்று உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் கேட்டார். என்னால் நிறைவான விடை கூற இயலவில்லை.

– உயிரியல் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

‘எதிரி’ என்ற சொல்தான் இடறுகிறது. அதற்கு மாணவி பொறுப்பல்லர். 1917இல் நுண்ணுயிரியலாளர் பெலிக்ஸ் டெரல் ‘பற்றீரியாவை உண்பவை’ என்று பொருள்படப் பெயர் சூட்டியது முதல் இந்தக் குழப்பம் இருந்துவருகிறது. பற்றீரியாவைத் தொற்றும் இந்த வைரசுகள் (சுருக்கமாகப் ‘பேஜ்கள்’) எதையும் உண்பதில்லை.

கொல்லும் பேஜ்களிடமிருந்து பற்றீரியா தப்புவதற்கு முதற் காரணம், பெருங்கூட்டத்தில் எதிர்ப்புத்திறன் பெற்ற சில முன்பே இருப்பது. லூரியா, டெல்புரூக் என்னும் ஆய்வாளர்கள் 1943இல் இதனை நிறுவினர். மேலும், ஒரு வகைப் பற்றீரியா அருகிவரும்போது அதனைத் தாக்கும் பேஜுக்கும் இரை கிடைப்பது அரிதாகிவிடுகிறது.

ஆனால் எல்லாப் பேஜ்களும் உடனே கொல்வதில்லை. நம் மட்டக்களப்புப் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவது போல, சில பேஜ்கள் பற்றீரியாவின் மரபிழையோடு தம் இழையை இணைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. பற்றீரியா பிளவுறுந்தோறும் வந்தவரின் சொத்தும் வாரிசுகளுக்குப் போய்ச் சேருகிறது (‘குடி’ என்னும் குலம் தாய்வழியே செல்லும் நம் வழக்கத்தோடு உவமை இந்த இடத்தில் ஒத்துவராது).

அந்தச் சொத்து எத்தகையது என்பதற்கு வாந்திபேதிக் (கொலரா) கிருமியே சான்று. நம் வாவியைப் போன்ற உவர்நீரில் இயல்பாக வாழக்கூடிய இக்கிருமியின் பெரும்பாலான வகைகளிடம் அந்நோயின் நஞ்சு கிடையாது. கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் அந்நஞ்சுக்குரிய மரபணுக்கள், நூல் போன்ற வடிவுடைய ஒரு பேஜுக்குச் சொந்தமானவை என்று 1996இல் வால்டோர், மெக்கலானோஸ் என்னும் ஆய்வாளர்கள் காட்டினர். பற்றீரியா நம் குடலில் நிலைகொள்வதற்குப் பயன்படுத்தும் மெல்லிய இழையே அந்தப் பேஜ் உள்ளே நுழைவதற்கும் வழியாக அமைந்திருக்கிறது என்பதுதான் என்னை மிகவும் வியக்க வைத்தது. அந்தப் பேஜ் பற்றீரியாவை வெடிக்கச் செய்யாமலே வெளியேறிவிடுகிறது. ஆகவே இரு தரப்பும் பிழைத்துக்கொள்கின்றன, இடையில் அகப்பட்டவர் நாம்.

தொண்டைக்கரப்பனின் (டிப்தீரியா) கதையும் இதுவே. அதன் நஞ்சை வலுவிழக்கச் செய்துதான் குழந்தைகளுக்கான முக்கூட்டு ஊசியில் சேர்க்கிறார்கள். அந்த நஞ்சின் மரபணுவும் ஒரு பேஜ் கொண்டுவந்த சீதனமே.