விமானிக்கு வானத்தில் ஏன் திசை மயக்கம் வருகிறது? அதைச் சிமுலேட்டரில் எப்படி ஆராய்கிறார்கள்?

மேகத்துக்குள்ளோ, நிலவில்லாத இரவில் கடலுக்கு மேலோ பறக்கும்போது விமானம் சாய்ந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா என்பதை உடல் தவறாக உணர்வதுதான் திசை மயக்கம்.

காரணம் உட்காதில் இருக்கிறது. அங்கே திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. தலை திரும்பினால் திரவம் சற்றுப் பின்தங்கும். அதை வைத்துத்தான் மூளை திரும்புவதை அறிகிறது. ஒரே வேகத்தில் ஏறக்குறைய 20 நொடி திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் குழலோடு சேர்ந்து ஓடத் தொடங்கும். திரும்பும் உணர்வே போய்விடும். அப்போது விமானத்தை நேராக்கினால் எதிர்ப்பக்கம் திரும்புவது போலிருக்கும். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றிச் சட்டென்று நின்றபோது உலகம் எதிர்ப்பக்கம் சுழன்றதே, அதேதான். கண்ணுக்கு அடிவானம் தெரிந்தால் மூளை தன்னைத் திருத்திக்கொள்ளும். மேகத்துக்குள் அதற்கு வழியில்லை.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரின் வெளிப்பார்வையை மறைத்து நிஜ விமானத்தில் பறக்கவிட்டார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடியில்! எனக்கு இன்றும் பதற்றம் தரும் எண் அது.

இதைத் தரையிலேயே உயிராபத்தின்றி ஆராயத்தான் சிமுலேட்டர். அசையாத சிமுலேட்டர் கண்ணை மட்டுமே ஏமாற்றும். காதையும் ஏமாற்ற ஆளையே சுழற்ற வேண்டும். அமெரிக்கக் கடற்படை ஓஹையோவின் டேட்டனில் வைத்திருக்கும் 'கிராக்கன்' என்ற ராட்சத இயந்திரம் அதற்கானதே.

பலர் திசை மயக்கத்தைத் தலைசுற்றல் என்று நினைக்கிறார்கள். ஆனால் பல நேரம் விமானிக்கு எந்தச் சங்கடமும் தெரியாது, நேராகப் பறக்கிறோம் என்றே நம்பிக்கொண்டிருப்பார்.