இருபது வருஷம் மாட்டினேன், ஒன்றும் சுடவில்லை

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: விமானப் படையில் மிக்-21 போர் விமானத்துக்கு 57 மி.மீ. ராக்கெட் மாட்டிய ஆர்மரர் (ஆயுதம் மாட்டுகிற ஆள்) நான், இப்போது ஏற்காட்டில் பேரன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் அதே ராக்கெட்டைச் சுட்டுப் பழகுகிறேன் என்று. காப்பிச் செடி, பழைய ஸ்கூட்டர், பென்ஷன் பற்றி வழக்கமாகக் கேட்பவர்களைக் காணோம். இந்த முறை எல்லாமே ராக்கெட் கடிதங்கள்.

? ஐயா, நானும் சிமுலேட்டரில் மிக்-21 ஓட்டுகிறேன். குறியை லாரி மேல் சரியாக வைத்துத்தான் சுடுகிறேன். ராக்கெட் எல்லாம் லாரிக்கு முன்னாலேயே விழுகிறது, சில சமயம் இடது பக்கம் போகிறது. கேமில் ஏதாவது கோளாறா?
(கல்லூரி மாணவர், ஓமலூர்)

கோளாறு கேமில் இல்லை தம்பி. குறி தவறின பைலட்டுகள் அந்தக் காலத்தில் எங்களிடம் வந்து "பாட் கோணலாக மாட்டியிருக்கிறாய்" என்பார்கள். பாட் என்றால் ராக்கெட் குழாய்களைக் கொத்தாக வைத்து விமானத்துக்கு அடியில் மாட்டுகிற கூடு. அளந்து பார்த்தால் பத்துக்கு ஒன்பது தடவை நேராகத்தான் இருக்கும். அதே பேச்சு உங்கள் கடிதத்திலும் வருகிறது.

முதலில் கணக்கு. 1500 மீட்டர் தூரத்தில் சுடுகிறீர்கள் என்று வையுங்கள். ராக்கெட் போய்ச் சேர ஏறத்தாழ இரண்டரை விநாடி. அந்த இரண்டரை விநாடியில் புவியீர்ப்பு அதை 30 மீட்டர் கீழே இழுத்துவிடும். அதை ஈடுகட்டத்தான் குறிக் கண்ணாடியில் ராக்கெட்டுக்கென்று தனி நிலை இருக்கிறது. பீரங்கி நிலையில் விட்டுவிட்டு ராக்கெட் சுட்டால் முன்னால்தான் விழும். இதை நீங்கள் சரியாக வைத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன், ஆனாலும் ஒருமுறை பாருங்கள்.

பெரிய தப்பு டைவ் கோணத்தில், அதாவது விமானம் தரையை நோக்கிச் சாய்ந்து இறங்குகிற கோணத்தில், இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு வாருங்கள், லேடீஸ் சீட்டில் நின்று சேலம் டவுனைப் பாருங்கள். காலடியில் கிடக்கிற மாதிரி, தலைகுப்புற விழுந்தால் அஸ்தம்பட்டியில் விழுவோம் என்கிற மாதிரி இருக்கும். நிஜத்தில் டவுன் 14 கிலோமீட்டர் தள்ளி, ஆயிரம் மீட்டர் சொச்சம் கீழே இருக்கிறது. கோணம் நாலு டிகிரிதான்! சிமுலேட்டரில் "செங்குத்தாக இறங்கினேன்" என்கிறவர்கள் பெரும்பாலும் இந்த லேடீஸ் சீட் கோணத்தில்தான் இறங்குகிறார்கள்.

கோணத்தால் என்ன ஆகிறது? கை நடுங்கி உங்கள் குறி பாதையிலிருந்து 10 மீட்டர் தாழ்ந்துபோகிறது. 30 டிகிரியில் இறங்கினால் தரையில் அது 20 மீட்டர் பிசகு. 10 டிகிரியில் 58 மீட்டர். 5 டிகிரியில் 115 மீட்டர்! கை நடுக்கம் ஒன்றேதான். சாய்வு குறையக் குறைய அது தரையில் இழுபட்டுக்கொண்டே போகிறது. 25, 30 டிகிரிக்கு உயரத்திலிருந்து ஆரம்பியுங்கள், 'முன்னால் விழுகிறது' என்கிற புகாரில் பாதி போய்விடும்.

இடது பக்க விஷயம் வேறு. கடைசி விநாடியில் லாரி கொஞ்சம் ஓரமாகத் தெரிந்தால் ரடரை (வால் சுக்கானை) உதைத்து மூக்கைத் திருப்புகிறீர்கள், இல்லையா? மூக்கு திரும்பிவிடும். ஆனால் விமானம் இன்னும் பழைய பக்கமாகத்தான் போய்க்கொண்டிருக்கும். ராக்கெட் குழாயை விட்டு வந்ததும் மடித்திருந்த துடுப்புகள் விரியும். விரிந்ததும் அது மூக்கைப் பார்க்காது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு முகம் கொடுக்கும். அதாவது விமானம் உண்மையில் எங்கே போகிறதோ அங்கே போகும். மீட்டர் பலகையில், விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்டுகிற சின்னப் பந்து ஒன்று இருக்கிறதே, அது நடுவில் இல்லாதபோது விசையைத் தொடாதீர்கள். இறக்கையைச் சாய்த்துத் திருப்புங்கள், நேராக்குங்கள், ஒரு விநாடி பொறுங்கள், அப்புறம் சுடுங்கள்.

பக்கக் காற்றும் உண்டு. விநாடிக்கு 5 மீட்டர் காற்று என்றால் இரண்டரை விநாடியில் பன்னிரண்டு மீட்டர் தள்ளும். காற்று வருகிற பக்கமாக அந்த அளவு தள்ளிக் குறி வையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. படவில்லை என்று கிட்டப் போகாதீர்கள். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில், 30 டிகிரி இறக்கத்தில், 700 மீட்டர் வரை நெருங்கினால் உங்கள் உயரம் 350 மீட்டர்தான். சுட்டு, ஒரு விநாடி வேடிக்கை பார்த்து, உடம்பு நாலு மடங்கு கனக்கிற அளவுக்கு (4 ஜி) மூக்கை மேலே இழுத்தாலும் அதில் முந்நூறுக்கு மேல் கரைந்துவிடும். மிச்சத்தில் உங்கள் ராக்கெட்டே கிளப்பிய சிதறல் பறந்துகொண்டிருக்கும். ஏற்காடு மலைப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. எதிரே வரும் பஸ்ஸையே முறைத்துப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிற ஸ்கூட்டர்காரன் பஸ் பக்கமே போவான். லாரியை முறைக்கிற பைலட்டுக்கும் அதே கதி.

? என் மகன் பிளஸ் டூ. ராத்திரி ஒரு மணி வரை விமானத்தில் ராக்கெட் விட்டுக்கொண்டிருக்கிறான். என்ன செய்வது?
(ஒரு தாய், ஃபேர்லேண்ட்ஸ்)

தடுக்காதீர்கள் அம்மா. ராக்கெட் தீர்ந்ததும் விமானத்தை ஓடுதளத்தில் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பாதிப் பையன்கள் சுட்டு முடித்ததும் அணைத்துவிடுகிறார்கள். மிக்-21 தரை தொடும்போதே மணிக்கு 300 கி.மீ. பக்கம் இருக்கும். நாலு நாள் இறக்கிப் பார்த்தால் பத்து மணிக்கே தூக்கம் வந்துவிடும்.

? வழிகாட்டும் ஏவுகணை இருக்கும்போது, குருட்டு ராக்கெட் எதற்கு?
(வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை)

நீங்கள் கேட்பது நியாயம். ஒற்றைப் புள்ளிக்கு ராக்கெட் உதவாது. சிதறலை மில்லில் சொல்வார்கள். ஒரு மில் என்றால் ஆயிரம் மீட்டரில் ஒரு மீட்டர். 10 மில் சிதறுகிற ராக்கெட் 1500 மீட்டரில் 15 மீட்டர் ஆடும். லாரியே அவ்வளவு நீளம் இல்லை. அதனால்தான் ஒன்று ஒன்றாக விடாமல் கொத்தாக விடுவது. 57 மி.மீ. ராக்கெட் ஒன்று சுமார் நாலு கிலோ, ஒரு பாடில் 16. விலை குறைவு, எடை குறைவு, பரந்த இலக்கு என்றால் போதும்.

எங்கே உதவாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை. 1956 ஆகஸ்ட் 16 அன்று கலிபோர்னியாவில் ஆளில்லாமல் பறக்கவிட்ட ஹெல்கேட் என்கிற பழைய போர் விமானம் ஒன்று கட்டுப்பாட்டை மீறிப் போய்விட்டது. இரண்டு எஃப்-89 விமானங்கள் அதைத் துரத்தி, ஆளுக்கு 104 வீதம் 208 ராக்கெட் சுட்டன. ஒன்றுகூட அதை வீழ்த்தவில்லை. ராக்கெட்டெல்லாம் பாம்டேல் ஊரைச் சுற்றி விழுந்து காடு பற்றி எரிந்தது. ஹெல்கேட் எண்ணெய் தீர்ந்து தானாகப் பாலைவனத்தில் விழுந்தது.

எங்கே உதவும் என்பதற்கு நம் கதை. 1971 டிசம்பர் 14, பாகிஸ்தானுடன் போர் நடந்த சமயம், டாக்காவின் ஆளுநர் மாளிகை. கூட்டம் நடக்கப்போகிறது என்று தகவல் வந்ததும் 28ஆம் ஸ்குவாட்ரனின் நாலு மிக்-21 குவாஹாட்டியிலிருந்து கிளம்பின. தலைமை விங் கமாண்டர் பிஷ்ணோய். வழி பார்க்கக் கையில் சுற்றுலா வரைபடம். விமானத்துக்கு 32 வீதம் 128 ராக்கெட். கட்டடம் பெரியது, அசையாதது. ஆளுநர் மாலிக் அன்றே ராஜினாமா எழுதினார். நான் படையில் சேருவதற்கு முன் நடந்தது, ஆனால் அந்த 32 எப்படி மாட்டியிருப்பார்கள் என்று என் கைக்குத் தெரியும். மின் இணைப்பு கொடுக்கும் முன் மீட்டர் வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது, பாடுக்கு முன்னாலும் நிற்காமல் பின்னாலும் நிற்காமல் பக்கவாட்டிலேயே நிற்பது, கடைசி இணைப்பை ஓடுதள முனையில் கொடுப்பது. உங்கள் பட்டறையில் பற்று வைக்கும்போது பேச்சை நிறுத்திவிடுவீர்களே, அந்த மாதிரி.

? திப்பு சுல்தான் ராக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
(ஆசிரியர், சங்ககிரி)

உங்கள் ஊர்க் கோட்டையே அவர்கள் கையில் இருந்ததுதானே. 1792 உடன்படிக்கையில்தான் சேலம் பக்கமெல்லாம் கம்பெனிக்குப் போனது. மைசூர் ராக்கெட்டின் புதுமை இரும்புக் குழாய். காகிதக் குழாயைவிட அழுத்தம் தாங்கும், அதனால் தூரம் போகும். நேராகப் போக நீளமான மூங்கில் கட்டினார்கள். மூங்கில் செய்த வேலையை இப்போது துடுப்பு செய்கிறது. பிடித்துக்கொண்டுபோன மாதிரிகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார்.

? காசு செலவில்லாமல் பழக வழி உண்டா?
(விசைத்தறித் தொழிலாளி, அம்மாபேட்டை)

உண்டு. டி.சி.எஸ். வேர்ல்ட் என்கிற விமான சிமுலேட்டர் இலவசம், கூடவே சு-25டி விமானமும் இலவசம். அதில் 80 மி.மீ. எஸ்-8 ராக்கெட் இருக்கிறது, ராக்கெட் எங்கே விழும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கண்ணாடியில் காட்டும். அதில் பழகிவிட்டு மிக்-21க்கு வந்தால் முதல் வாரம் அழுவீர்கள். நல்ல கம்ப்யூட்டர் வேண்டும், அதுதான் செலவு. ஜாய்ஸ்டிக் சாதாரணமானதே போதும். என்னுடையதில் ஒரு பட்டன் வேலை செய்யாது.

? நீங்கள் சுட்டால் படுகிறதா?
(பெயர் வேண்டாம், ஏற்காடு)

பெயர் வேண்டாம் என்றாலும் கையெழுத்து தெரிகிறது, பக்கத்து எஸ்டேட் ஆள்தானே! நேற்று ராத்திரி 32 ராக்கெட்டில் ஐந்து பட்டது. மூன்று லாரியில், இரண்டு நான் பார்க்கவே இல்லாத ஒரு கூடாரத்தில். அடுத்த சுற்று கோணம் 28, பந்து நடுவில், காற்றுக்கும் தள்ளிக் குறி வைத்து, எல்லாம் சரியாக அமைந்து விசையை அழுத்தினேன். உங்கள் பக்கம்தான் இடி இடித்தது, கரண்ட் போய்விட்டது.

யு.பி.எஸ். விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.