210 வருஷம் நிற்குமா அந்த வீடு?

கேள்வி: ‘ஃபால்அவுட் 4’ விளையாடுகிறேன். அணுகுண்டு விழுந்து 210 வருஷம் கழித்து நடக்கிற கதை. மரவீடுகள்கூட சுவரும் கூரையுமாக நிற்கின்றன. ஆளில்லாத கட்டடம் நிஜத்தில் அவ்வளவு நாள் தாங்குமா?
- வாசகர் ஒருவர், காசிமேடு

பதில்: மரவீடு தாங்கவே தாங்காது. கதை நடப்பது பாஸ்டன் பக்கம், பனியும் மழையும் மாறிமாறி அடிக்கிற ஊர். கூரையில் ஒரு ஓட்டை விழுந்தால் போதும், தண்ணீர் இறங்கி உத்திரம் உளுத்து, சில பத்து வருஷத்திலேயே வீடு படுத்துவிடும்.

சரி, கான்கிரீட்? நீங்கள் காசிமேட்டுக்காரர், தெருவில் இறங்கி ஏதாவது ஒரு பழைய அடுக்குமாடியின் சன்ஷேடை அண்ணாந்து பாருங்கள். அடியில் காரை பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும், துரு செதில் செதிலாக உரிந்து நிற்கும். கடல்காற்றில் வருகிற உப்பு ஈரத்தோடு உள்ளே இறங்கிக் கம்பியைப் பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடம் வேண்டும், அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கிறது. ஆட்கள் குடியிருந்து அவ்வப்போது பூசுகிற கட்டடத்துக்கே இந்தக் கதி. கம்பி போட்ட கான்கிரீட் புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால், 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் இன்னும் நிற்கிறது, ஆனால் அதையும் நடுவில் பழுதுபார்த்துத்தான் காப்பாற்றினார்கள்.

விளையாட்டுகள் கோட்டைவிடுகிற இன்னொரு இடம் மரம். கொடியைச் சுவரில் அலங்காரமாகத் தொங்கவிடுகிறார்கள், வேர் செய்கிற வேலையைக் காட்டுவதில்லை. எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் கைப்பிடிச் சுவரில், காக்கா எச்சத்தில் விழுந்த அரசங்கன்று முளைத்தது. நாலே வருஷத்தில் அதன் வேர் கட்டைவிரல் தடிமனில் செங்கல் இடுக்கெல்லாம் ஓடி, சுவரையே வெளியே தள்ளி நிற்கிறது. செர்னோபில் விபத்தால் 1986-ல் காலியான பிரிப்யாட் நகரில் தெருக்களே காடாகிவிட்டன, ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் 20 வருஷத்துக்குள் பாதி சரிந்தது. அந்த வகையில் பேரழிவுக்கு 20 வருஷம் கழித்து நடக்கிற ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ எனக்கு ரொம்பப் பிடிக்கும், பச்சை மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்த அதன் நகரங்களை நம்ப முடிகிறது.

அப்புறம், சன்ஷேடைப் பார்க்கச் சொன்னேன் இல்லையா, தள்ளி நின்றே பாருங்கள். நிழலுக்காக அதன் கீழே வண்டி நிறுத்துகிறவர்களிடமும் சொல்லுங்கள்.