வைத்தியரைக் கேளுங்கள்: மூளைக்கட்டிக்குப் புதுக் குளிசை, காணியை விற்கலாமா?

கேள்வி: தம்பிக்கு 34 வயது. திடீரென வலிப்பு வந்து ஸ்கான் செய்தபோது மூளையில் கட்டி என்றார்கள். 3 மாதத்துக்கு முன் கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து இயன்றவரை எடுத்தார்கள். பயொப்சி அறிக்கையில் ‘அஸ்ட்ரோசைட்டோமா, தரம் 2’ என்றிருக்கிறது. கதிர்ச்சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை. புதுக் குளிசை வந்திருக்கிறதாம், காணியை விற்றாவது எடுப்போம் என்கிறார் கனடாவிலுள்ள மாமா. என்ன செய்வது?
— வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: மாமா சொல்வது வொராசிடெனிப் ஆக இருக்கும். 2024 ஓகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. காணியைத் தொட முன் அறிக்கையில் ‘ஐ.டி.எச்.’ என்ற மரபணு பற்றிய வரியைத் தேடுங்கள். அந்த மரபணு மாறிய கட்டியில் ஒரு நொதியம் பிழையாக வேலை செய்து கட்டியை வளர்க்கும் பொருளொன்றைக் குவிக்கிறது. குளிசை அடைப்பது அந்த நொதியத்தைத்தான். மாற்றம் இல்லையென்றால் இந்தக் குளிசையால் பயனில்லை.

‘இல்லை’ என்று எழுதியிருந்தாலும் அதோடு விடாதீர்கள். வழக்கமான சாயச் சோதனை ‘ஆர்132எச்’ என்ற ஒரு மாற்றத்தை மட்டுமே காட்டும். 10 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வேறு மாற்றம் இருக்கும். அதற்கு மரபணு வரிசைச் சோதனை வேண்டும். உண்மையிலேயே மாற்றம் இல்லையென்றால், தரம் 2 போலத் தெரியும் கட்டியும் கடுமையான வகையாக இருக்கக்கூடும். 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாடு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அப்போது சிகிச்சையே வேறு.

இதற்கெல்லாம் தேவை, எடுத்த சதைத்துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டை. சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலையின் நோயியல் பிரிவில் அறிக்கை இலக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். வெயிலில் நிற்கும் வானுக்குள் அதை வைத்துவிட்டு இறங்காதீர்கள், மெழுகு இளகும். எம்.ஆர்.ஐ. படத்தைச் சீ.டி.யாகவும் வாங்குங்கள், ஃபிலிம் மட்டும் போதாது.

மருந்தின் பயன் எவ்வளவு? சத்திரசிகிச்சை மட்டும் செய்த 331 பேரில் சோதித்தார்கள். கட்டி மீண்டும் வளராதிருந்த காலத்தின் இடைநிலை அளவு, மருந்து எடுத்தவர்களில் 27.7 மாதம், போலிக் குளிசை எடுத்தவர்களில் 11.1 மாதம். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் இது குணமாக்கும் மருந்தல்ல. நாளுக்கு 40 மில்லிகிராம், தொடர்ந்து எடுக்க வேண்டும். ஈரலைத் தாக்கலாம் என்பதால் முதல் 2 மாதமும் இரு வாரத்துக்கொரு தடவை இரத்தம் சோதிக்க வேண்டும். புகைத்தால் மருந்தின் அளவு உடலில் குறையும். கதிர்ச்சிகிச்சை உடனே வேண்டும் என்று புற்றுநோய் வைத்தியர் சொன்னால் குளிசைக்காகத் தள்ளிப்போடாதீர்கள். அரச வைத்தியசாலையில் கதிர்ச்சிகிச்சை இலவசம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது வலிப்பு. கொழும்பு கிளினிக்குக்கு இரவு பஸ்ஸில் போகும்போது தூக்கமும் கெடும், வலிப்புக்கான குளிசையும் பெட்டிக்குள் போய்விடும். இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வரும். அந்தக் குளிசையைக் கைப்பையில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் வேண்டாம், உப்புவெளிக் கடலில் தனியே இறங்கவும் வேண்டாம். மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெதசோன் குளிசையை இன்னும் எடுக்கிறாரென்றால் காலைச் சாப்பாட்டோடு கொடுங்கள். தானாகத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, வாந்தி, மயக்கம் வரும். வைத்தியர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், வாய்க்குள் எதையும் திணிக்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.