லிவர்பூலில் பியர் ஹெட் உயர்மட்ட ரயில் நிலையத்தை ஏன் இடித்தார்கள்?

பயணிகள் இல்லாமல் மூடிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். துறைமுகத் தொழிலாளர் கூட்டம் கடைசிவரை இருந்தது. பாதையை முடித்துவைத்தது துருவும் பணமின்மையும்தான்.

பியர் ஹெட், லிவர்பூல் ஓவர்ஹெட் ரயில்வேயின் முக்கிய நிலையங்களில் ஒன்று. படகுத்துறையும் டிராம் முனையமும் பக்கத்திலேயே இருந்தன. உலகிலேயே மின்சாரத்தில் ஓடிய முதல் உயர்மட்ட ரயில்பாதை இது. டக்ளஸ் ஃபாக்ஸ், கிரேட்ஹெட் என்ற பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். 1893 பிப்ரவரி 4 அன்று சாலிஸ்பரி பிரபு தொடங்கிவைத்தார்.

கோளாறு தண்டவாளத்தைத் தாங்கிய தளத்தில் இருந்தது. நியூயார்க்கின் பழைய உயர்மட்டப் பாதைகளில் கர்டர் என்ற இரும்பு உத்தரத்தின்மேல் மர ஸ்லீப்பர், அதன்மேல் தண்டவாளம். மழைநீர் இடுக்கு வழியாகத் தெருவில் இறங்கிவிடும். லிவர்பூலில் கீழே போகிறவர்கள்மேல் தண்ணீரோ எண்ணெயோ சொட்டக் கூடாது என்று, வளைந்த தேனிரும்புத் தகடுகளை ரிவெட் அடித்துத் தளத்தை முழுக்க மூடினார்கள். மழை பெய்தால் தொழிலாளர்கள் அதன் அடியில் ஒதுங்கி, அதற்குக் குடை என்றே பட்டப்பெயர் வைத்தார்கள்.

ஆனால் அடியிலேயே துறைமுகச் சரக்கு ரயில்பாதையும் ஓடியது. நீராவி என்ஜின்களின் புகையும் கரியும் தகட்டின் அடிப்பக்கத்தில் படியும். கரிப்புகையிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். மேலே மழை, கீழே அமிலம், போதாததற்குக் கடற்காற்று! ஒரு தகட்டை மாற்ற வேண்டுமென்றால்கூட மேலிருக்கும் தண்டவாளத்தைக் கழற்றியாக வேண்டும். 1941 மே மாதக் குண்டுவீச்சில் பட்ட அடியைச் சரிசெய்து ஓட்டியவர்களால் இந்தத் துருவைச் சமாளிக்க முடியவில்லை.

1955 ஆய்வில் பழுதுபார்ப்புச் செலவு சுமார் 20 லட்சம் பவுண்டு என்று தெரிந்தது. 1948இல் மற்ற பெரிய ரயில்வேக்கள் தேசியமயமானபோது இது தனியார் கம்பெனியாகவே விடப்பட்டது. எனவே அரசின் பணப்பை இல்லை. மாநகராட்சியும் துறைமுக வாரியமும் பணம் தர முன்வரவில்லை. என் பார்வையில், துருவைவிட இதுதான் பெரிய காரணம். 1956 டிசம்பர் 30 அன்று சேவை நின்றது. 1957 செப்டம்பரில் இடிப்பு தொடங்கியது. இரும்பு பழைய இரும்பு விலைக்குப் போனது.

பியர் ஹெட்டில் இப்போது தேடினால் ஒன்றும் கிடைக்காது. வாப்பிங் டாக் என்ற கப்பல்துறையின் மதிலில் தூண்களின் அடித்துண்டுகளும், ஹெர்குலேனியம் டாக் பக்கம் டிங்கிள் சுரங்க வாயிலும் மிஞ்சியுள்ளன. லிவர்பூல் அருங்காட்சியகத்தில் இந்த ரயிலின் மோட்டார் பொருத்திய பெட்டி ஒன்றை, அது ஓடிய அதே உயரத்தில், தரையிலிருந்து சுமார் 16 அடி மேலே நிறுத்தியிருக்கிறார்கள்.