லேப் இல்லாமல் உயிரிக் கணிமையில் ஆராய்ச்சி செய்யலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். உயிரிக் கணிமையில் சொந்தமாக ஆராய்ச்சி செய்ய ஆசைங்க. லேப் இல்லை, கைடும் இல்லை. எங்கே தொடங்குவது? - வாசகர், ஊத்துக்குளி

பதில்: டிஎன்ஏ போன்ற மூலக்கூறுகளை வைத்துக் கணக்குப் போடுவதுதான் உயிரிக் கணிமை. லேப் கவலையைத் தள்ளி வையுங்கள். 1994இல் கணினி விஞ்ஞானி லியோனார்டு ஆடில்மன் 7 புள்ளிகளை இணைக்கும் வழித்தடக் கணக்கு ஒன்றை டிஎன்ஏவை வைத்தே தீர்த்துக் காட்டினார். 200 புள்ளி என்றால் அந்த முறைக்குப் பூமியைவிடக் கனமான டிஎன்ஏ வேண்டும் என்று 1995இல் இன்னொரு கணினி விஞ்ஞானி யூரிஸ் ஹார்ட்மானிஸ் சொன்னார். ஹார்ட்மானிஸ் சொன்னது லேப் இல்லாமல் பேப்பரில் போட்ட கணக்குதான்.

நீங்கள் வேதிவினைகளில் தொடங்கலாம். க + ச → ட என்று ஒரு வினை. க மூலக்கூறு 7, ச மூலக்கூறு 5 இருந்தால் ட மூலக்கூறு 5 கிடைக்கும். 7 முன்பக்கத் துணியும் 5 பின்பக்கத் துணியும் இருந்தால் 5 பனியன்தானே தைப்பீர்கள்? ஆக, இரண்டில் சிறிய எண் கிடைத்துவிட்டது.

பெரிய எண்ணுக்குத்தான் நான்கு வினை வேண்டும்: க → ப + ய, ச → ம + ய, ப + ம → ற, கடைசியில் ற + ய சேர்ந்து இரண்டும் காலி. ய மொத்தம் 12 உருவாகும், அதில் 5 அழியும், மிச்சம் 7. விடை சரி. ஆனால் நடுவில் ய 7-ஐத் தாண்டிவிட்டு இறங்கலாம். அந்த நேரம் பார்த்து அடுத்த வினை ஒன்று ய-வை எடுத்துக்கொண்டால் எல்லாம் கெட்டது. சிறிய எண்ணில் இந்த வம்பே இல்லை, ட ஏறுமே தவிர இறங்காது. எந்தெந்தக் கணிதச் சார்புகளை (functions) இப்படி இறங்காமலே கணக்கிடலாம்? கணிதம் படித்தவருக்கு அருமையான களம் இது.

வினைகள் ஒவ்வொன்றாகத் தற்செயலாக நடப்பதைக் கம்ப்யூட்டரில் நடத்திக் காட்டும் அல்காரிதம் ஒன்றை 1977இல் கில்லெஸ்பி தந்தார். அதைப் பைத்தான் நிரல் மொழியில் எழுதி இந்த வினைகளை ஓட்டிப் பாருங்கள். சாதாரண லேப்டாப் போதும்.

அப்புறம் வெளியீடு. ஆய்வுகளைச் சேமிக்கும் ஜெனோடோ (Zenodo) தளத்தில் இலவசமாகப் பதிவேற்றினால், கட்டுரைக்கு நிரந்தர அடையாளமான டிஓஐ (DOI) எண்ணும் கிடைக்கும். ஆய்வுக் கட்டுரைகளை ஜர்னலுக்கு முன்பே வெளியிடும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் முதல் முறை போட, அங்கே ஏற்கெனவே எழுதும் ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம். காசு கட்டினால் ஒரே வாரத்தில் போடுகிறோம் என்கிற ஜர்னல்களுக்குப் பதில்கூட எழுத வேண்டாம்.

வீட்டில் மரபணு மாற்றச் சோதனை மட்டும் கூடவே கூடாது. மத்திய அரசின் 1989 விதிகளின்படி அதற்கு நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு வேண்டும். சோதனை அவசியம் என்ற கட்டம் வந்தால் கோவையில் வேளாண் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம் இருக்கின்றன. பேராசிரியருக்கு எழுதும்போது 'ஒரு ஐடியா இருக்கிறது' என்று மட்டும் எழுதாமல், வினைகளை ஓட்டிப் பார்த்த முடிவின் வரைபடத்தையும் நிரலையும் சேர்த்து அனுப்புங்கள்.