முழங்காலில் சத்தம் வந்தால் தேய்மானம் என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு வயது 46. பள்ளி ஆசிரியை, நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. எடை 72 கிலோ, உயரம் 5 அடி 1 அங்குலம். உட்கார்ந்து எழும்போது வலது முழங்காலில் 'சடக்' என்று ஒரு சத்தம் வருகிறது. வலி கிடையாது. இடது முழங்கால்தான் பயமுறுத்துகிறது. ஓராண்டாகப் படி ஏறி இறங்கினால் நறநறவென்று அரைக்கிறது, மேலே கையை வைத்தாலே தெரிகிறது. ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் முட்டிச் சில்லைச் சுற்றி வலிக்கிறது. வீக்கம் இல்லை. மூட்டில் எண்ணெய் வற்றிவிட்டது என்கிறார்கள். மருந்துக் கடையில் குளுக்கோசமைன் மாத்திரை கொடுத்தார்கள். உறவினர் ஒருவர் உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். தரையில் உட்காருவதையும் படி ஏறுவதையும் நிறுத்திவிட வேண்டுமா? இன்னொன்று: என் 10 வயது மகனுக்கும் ஒரு முழங்காலில் 'டக்' என்று சத்தம் கேட்கிறது. அவனையும் காட்ட வேண்டுமா?

பதில்: உங்கள் வலது காலுக்கும் இடது காலுக்கும் ஒரே பதில் கிடையாது. வலது காலை மறந்துவிடலாம். இடது காலைக் கவனிக்க வேண்டும், ஆனால் மாத்திரையாலோ ஸ்கேனாலோ அல்ல, தொடைத் தசையால். உங்கள் மகனைக் கட்டாயம் காட்டுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த 'சடக்'. மூட்டுக்குள் வழவழப்பான ஒரு திரவம் இருக்கிறது, அதில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டின் இரு பக்கங்களும் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு குமிழ் உண்டாகிறது. சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரைக்கிறதே, அந்தக் கணக்குதான். விரலில் சொடக்கு எடுக்கும்போதும் இதுவே நடக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015-இல் சொடக்கு விழும் தருணத்தையே எம்.ஆர்.ஐ.யில் படம் பிடித்துக் காட்டினார்கள். ஒருமுறை சொடக்கு விழுந்தால் அதே மூட்டில் அடுத்தது விழச் சுமார் 20 நிமிடம் ஆகும். கலிபோர்னியாவைச் சேர்ந்த டொனால்ட் அங்கர் என்ற மருத்துவர் 60 ஆண்டுகளுக்கு மேல் இடது கை விரல்களில் மட்டும் சொடக்கு எடுத்துவந்தார், வலது கையை விட்டுவிட்டார். கடைசியில் இரண்டு கையிலுமே வாதம் இல்லை. ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும் அந்தப் பிடிவாதத்துக்கு 2009-இல் வேடிக்கை நோபல் பரிசு கொடுத்துவிட்டார்கள்.

உட்கார்ந்து எழும் ஒவ்வொரு தடவையும் சத்தம் வந்தால் அது குமிழாக இருக்காது. தசைநாண் ஒன்று எலும்பு மேட்டின் மேல் தாண்டி விழும் சத்தமாக இருக்கலாம், உள்பக்கச் சவ்வு மடிப்பு ஒன்று உரசுவதாகவும் இருக்கலாம். வலி இல்லாத வரை இவற்றுக்கும் சிகிச்சை தேவையில்லை. முழங்கால் வலியே இல்லாதவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சத்தம் வருகிறது. சத்தம் எவ்வளவு பெரிது என்று பார்ப்பதில் பயனில்லை. கூடவே என்ன வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

உங்கள் இடது காலில் கூடவே வலி வருகிறது. படி, நீண்ட நேரம் மடக்கி உட்காருதல், சில்லைச் சுற்றி வலி - இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் பிரச்சினை முட்டிச் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையில்தான். சில்லு, தொடை எலும்பின் முனையில் இருக்கும் ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் ஓடுகிறது. அதன் பின்பக்கத்தில் உள்ள குருத்தெலும்புதான் உடம்பிலேயே மிகத் தடிமனானது. அது அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. சமதளத்தில் நடக்கும்போது சில்லின் மேல் விழும் சுமை உடல் எடையில் பாதி அளவுதான். படியில் அது எடையைப் போல மூன்று மடங்கைத் தாண்டும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் ஏழெட்டு மடங்கு வரை போகும். முன்தொடைத் தசையும் இடுப்புப் பக்கத் தசையும் பலவீனமாக இருந்தால் இந்தச் சுமையை அவை வாங்கிக்கொள்வதில்லை. சில்லும் பள்ளத்தில் சீராக ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. அதன் மேற்பரப்பு சொரசொரப்பாகும்போது நறநறப்பு கைக்கே தெரியும். குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது, அதனால் வலிப்பது அதுவல்ல. அடியிலுள்ள எலும்பும் சுற்றியுள்ள சவ்வும்தான் வலிக்கின்றன. அவற்றின் எரிச்சல் தணியக்கூடியது. சொரசொரப்பு அப்படியே இருந்தாலும் வலி போய்விடுவது இதனால்தான். சத்தம் முழுவதும் நின்றால்தான் குணம் என்று காத்திருக்காதீர்கள்.

நாள் முழுக்க நின்றால் கால் உறுதியாகிவிடும் என்று நினைப்பீர்கள். ஆகாது. முழங்காலைப் பின்னுக்குப் பூட்டிக்கொண்டு நிற்கிறோம், தசைக்கு வேலையே இல்லை.

எண்ணெய் வற்றிய கதைக்கு வருகிறேன். நல்ல முழங்காலிலேயே அந்தத் திரவம் ஒரு தேக்கரண்டி கூட இருக்காது. தேய்மானம் முற்றும்போது அது வற்றுவதைவிட அதிகமாகச் சுரந்து வீங்குவதுதான் வழக்கம். 'நீர் கோத்துக்கொண்டது' என்று சொல்வது அதைத்தான். ஆகவே சத்தம் கேட்டதும் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று யாராவது ஊசிக்குக் கூப்பிட்டால் யோசியுங்கள். ஹயலுரோனிக் அமில ஊசி விலை அதிகம், சராசரியாகக் கிடைக்கும் நிவாரணமோ சொற்பம். ஸ்டீராய்டு ஊசி, வீங்கி வலிக்கும் மூட்டுக்குச் சில வாரங்கள் ஆறுதல் தரும். அதை வழக்கமாக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2017-இல் வெளியானது. உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட அவர்களுக்கு வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. உங்கள் நிலையில் இரண்டு ஊசியும் வேண்டாம்.

இது தேய்மானத்தின் தொடக்கமா என்று நேரடியாகக் கேட்டால், இருக்கலாம். உங்கள் வயதும் எடையும் அந்தப் பக்கம்தான் சாய்கின்றன. அமெரிக்காவில் சுமார் 3,500 பேரை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். எப்போதும் நறநறப்பு உள்ளவர்களுக்கு, அது இல்லாதவர்களைவிட வலியோடு கூடிய தேய்மானம் பிற்பாடு அதிகம் வந்தது. 45 வயதுக்கு மேல் நடந்தால் வலி, காலையில் எழுந்ததும் அரை மணிக்குள் விட்டுவிடும் விறைப்பு என்று இருந்தாலே படம் எடுக்காமல் தேய்மானம் என்று சொல்லிவிடலாம். விறைப்பு ஒரு மணி நேரம் நீடித்தாலோ, கை விரல் மூட்டுகளும் வீங்கினாலோ அது வேறு, முடக்குவாதமா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எது எப்படி இருந்தாலும், தொடக்கத் தேய்மானத்துக்கும் சில்லு வலிக்கும் முதல் ஆறு மாதச் சிகிச்சை ஒன்றுதான். அதனால் பெயரைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

எம்.ஆர்.ஐ.? இப்போது எடுக்காதீர்கள். செலவுக்காக மட்டும் சொல்லவில்லை. எடுத்தால் ஏதாவது ஒன்று தெரியும், அங்கேதான் சிக்கலே. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 50 வயது தாண்டிய பொதுமக்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். மூட்டுக்குள் இருக்கும் பிறை வடிவ ஜவ்வான மெனிஸ்கஸில் கிழிசல் தெரிந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதத்தில் முழங்கால் வலியோ விறைப்போ இருக்கவில்லை. அறிக்கையில் 'ஜவ்வு கிழிசல்' என்று பார்த்ததும் நம் ஆட்கள் அடுத்த வாரமே துளை அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கிறார்கள். வயதால் வரும் கிழிசலுக்கு அந்த அறுவை சிகிச்சை, துளை வழியே உள்ளே பார்த்துவிட்டு ஜவ்வை வெட்டாமல் விட்ட போலி அறுவை சிகிச்சையைவிட மேலாக இல்லை என்று பின்லாந்தில் 2013-இல் காட்டிவிட்டார்கள். தேய்ந்த மூட்டைத் துளை வழியே கழுவிச் சுரண்டுவதிலும் அதே முடிவு 2002-இலேயே ஹூஸ்டனில் வந்தது. படம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரே போதும். படுத்து எடுத்தால் எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி சரியாகத் தெரியாது. சில்லைத் தனியாகக் காட்டும் கோணத்திலும் ஒன்று கேளுங்கள்.

ஆனால் சிலவற்றுக்குத் தாமதிக்கக் கூடாது. முழங்கால் பாதியில் மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவது, நடக்கும்போது கால் திடீரென்று மடங்கி விட்டுவிடுவது, விளையாட்டிலோ விழுந்தபோதோ 'டப்' என்று கேட்டு சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடுவது - இவை ஜவ்வு அறுந்ததற்கோ உள்ளே துண்டு ஒன்று சுற்றுவதற்கோ அடையாளம். இங்கே எம்.ஆர்.ஐ.யும் தேவை, சில சமயம் அறுவை சிகிச்சையும் தேவை. மூட்டு சிவந்து சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே சீழ் பிடித்திருந்தால் ஒவ்வொரு நாள் தாமதமும் குருத்தெலும்பைத் தின்றுவிடும்.

சரி, இடது காலுக்கு என்ன செய்வது? காலை நீட்டி உட்காருங்கள். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியால் அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள். பத்து முறை. அப்புறம் மல்லாந்து படுத்து, வலது காலை மடக்கி வைத்துக்கொண்டு, இடது காலை மடக்காமல் ஓர் அடி உயரத்துக்குத் தூக்கி ஐந்து எண்ணிவிட்டு மெதுவாக இறக்குங்கள். மளக்கென்று போட்டால் பலன் பாதிதான். அடுத்து ஒருக்களித்துப் படுத்து மேல்காலைப் பக்கவாட்டில் தூக்குவது. இது இடுப்புத் தசைக்கு. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், சில்லு வலிக்கு முன்தொடைப் பயிற்சியோடு இதையும் சேர்த்தால்தான் பலன் அதிகம். இரண்டு வாரம் கழித்து, உயரமான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைச் சேருங்கள். நாற்காலியின் உயரத்தைப் போகப் போகக் குறைக்கலாம். எல்லாமே பத்துப் பத்தாக மூன்று சுற்று, வலது காலுக்கும் சேர்த்து. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் அந்த வலி இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். வித்தியாசம் தெரிய ஆறு வாரமாவது ஆகும். பத்து நாளில் விட்டுவிடுகிறவர்கள்தான் 'பயிற்சி எனக்கு ஒத்துவரவில்லை' என்று திரும்பி வருகிறார்கள்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் உயரத்துக்கு 72 கிலோ அதிகம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் சுமை நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ போதும், அடிக்கு இருபது கிலோ மிச்சம்.

படியை அடியோடு நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் தசை இன்னும் இளைக்கும். வலி அதிகமுள்ள நாளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏறும்போது வலது காலையும் இறங்கும்போது இடது காலையும் முதலில் வையுங்கள். தரையில் உட்காருவதும் குற்றமில்லை. ஆறு வாரத்துக்கு சம்மணம் போட்டு அரை மணி உட்காருவதைக் குறைத்து நாற்காலிக்கு மாறுங்கள், மேற்கத்திய கழிப்பறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தசை தேறியதும் தரைக்குத் திரும்பலாம். வகுப்பில் ஒரு பாடவேளைக்கு ஒருமுறையாவது முழங்காலை மடக்கி நீட்டுங்கள். வலித்த அன்று டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம். அதையே மாத்திரையாகத் தினமும் விழுங்குவது வேறு விஷயம். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

குளுக்கோசமைன்: 2006-இல் அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் அது வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. வாங்கிவிட்ட டப்பாவை முடிப்பதில் பெரிய கெடுதல் இல்லை, அடுத்ததை வாங்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த மாத்திரை பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருகிறது. சைவம் சாப்பிடுகிறவர்களிடம் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. பிரண்டைத் துவையலும் முடக்கத்தான் தோசையும் ருசிக்காகச் சாப்பிடுங்கள். தேய்ந்த குருத்தெலும்பை அவை வளர்த்துவிடும் என்று நம்ப ஆதாரம் கிடையாது.

உங்கள் மகன் விஷயம். சிறுவர்களுக்கு ஒரே முழங்காலில், மடக்கி நீட்டும்போதெல்லாம் வெளிப்பக்கமாக 'டக்' என்று தட்டினால், மெனிஸ்கஸ் பிறையாக இல்லாமல் பிறவியிலேயே முழு வட்டத் தட்டாக இருக்கலாம். ஆசியர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. வலி இல்லாவிட்டால் வெறுமனே கவனித்துக்கொண்டிருப்பார்கள். நொண்டினாலோ, கால் முழுதாக நீளாமல் போனாலோ சரிசெய்ய அறுவை சிகிச்சை உண்டு. எலும்பு மருத்துவர் கையால் பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் அவனுக்கு எம்.ஆர்.ஐ. எழுதுவார். அவனுக்கு எழுதினால் தாராளமாக எடுங்கள்.

உங்களுக்கு, மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் படி இறங்கும் வலி பாதியாவது குறையவில்லை என்றால், அந்த எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.